நான்காம் நாள் மழை

புகை வாசனையை எப்படி விற்பது என்று கவிதா கேட்டாள். என்னிடம் வேலை பழகியவள். இன்று பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு சென்ட் கடைக்கே பொறுப்பாளர். அவள் கடைப் பெண்கள் புதுப் பாட்டில் வந்ததும் கையில் அடித்து, பத்து விநாடி முகர்ந்துவிட்டு, கைப்பேசி முன்னால் நின்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்களாம். சாம்பிராணிப் புகை வாசனையுள்ள சென்ட் ஒன்று வந்திருக்கிறது. அதை முகர்ந்த பெண், வீடு தீப்பிடித்த மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சிரித்த காணொளியை ஊரே பார்த்துவிட்டது. பாட்டில் அலமாரியை விட்டு நகரவில்லை.

“நீங்கதான் மூக்கக்கா ஆச்சே. நாலு வரி எழுதிக் குடுங்கலா, புள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்டுறேன்” என்றாள்.

நாலு வரியில் இது அடங்காது. அதோடு, என்னை மூக்கக்கா என்று யாராவது கூப்பிட்டால் எனக்கு உடம்பு கூசுகிறது. முப்பது வருடம் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு திரிந்தவள், ஏன் கூசுகிறது என்று இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. கவிதா அனுப்பிய காணொளியில் அந்தக் கறுப்புப் பாட்டிலைப் பார்த்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் பைராம் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா செம்பனைக் குலை வெட்டினார். பதினேழு வயதில் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் பினாங்குக்கு வந்து, ஒரு பெரிய பேரங்காடியின் சவர்க்காரப் பகுதியில் வேலைக்கு நின்றேன். ஒருநாள் கிடங்கில் தண்ணீர் புகுந்து சவர்க்காரங்களின் உறையெல்லாம் பிய்ந்துபோக, ஒவ்வொன்றையும் முகர்ந்து எது எந்தப் பெட்டிக்கு உரியது என்று பிரித்துக் கொடுத்தேன். அதைப் பார்த்துத்தான் என்னை மேல்மாடியில் சென்ட் பகுதிக்கு ஏற்றினார்கள். மூக்கக்கா என்ற பெயரும் அங்கேதான் ஒட்டிக்கொண்டது. கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள், அவள் பத்து வயதில் என் கணவர் போய்ச் சேர்ந்தார். எல்லாவற்றுக்கும் விடுப்பு எடுத்துவிட்டு மறுபடியும் அதே கண்ணாடி மேசைக்குப் பின்னால் வந்து நின்றேன்.

மகளுக்கு இருபத்திரண்டு வயதானபோதுதான் ஸ்டெல்லா மிஸ் எங்களுக்கு மேற்பார்வையாளராக வந்தார். சுங்கை பாக்காப் ஊர்க்காரர், கத்தோலிக்கர், என்னைவிட ஒன்பது வயது இளையவர். அந்த நாற்காலி எனக்குத்தான் வரும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் நம்பிக்கொண்டிருந்தேன். வந்த முதல் நாள் அவர் என்னிடம் வந்து, “அக்கா, நீங்க எனக்கு மூத்தவங்க. நான் ஏதாவது தப்பா சொன்னா தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க” என்றார். நான் அவரை மிஸ் என்று கூப்பிட்டேன், அவர் என்னை அக்கா என்று கூப்பிட்டார். கடைசிவரை அப்படியே நடந்தது.

அவர் கொண்டுவந்த முறை எங்களுக்குப் பெரும் தலைவலி. அதுவரை புதுச் சென்ட் வந்தால் காகிதத் துண்டில் அடித்து, ஆட்டி, முகர்ந்து, நல்லது கெட்டது சொல்லிவிடுவோம். ஸ்டெல்லா மிஸ் காகிதத்தைத் தொடக்கூடாது என்றுவிட்டார். தோலில் போட வேண்டும். அதுவும் ஏழு நாள். காலையில் வாசனையில்லாத சவர்க்காரத்தில் குளித்து, பவுடர் பூசாமல், தலையில் மல்லிகை வைக்காமல், வீட்டிலேயே மணிக்கட்டில் ஒரே ஒரு தடவை அடித்துக்கொண்டு வேலைக்கு வர வேண்டும். இரண்டு கையையும் சேர்த்துத் தேய்த்தால் அவருக்குக் கோபம் வந்துவிடும். மத்தியானம் ஏசியை விட்டு எங்களை வெளியே துரத்துவார். சூலியா தெருவில் கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில், பணம் மாற்றும் கடைகளையும் ஆட்டுக்கறி கொதிக்கும் கடைகளையும் தாண்டிப் போய், வேர்க்க வேர்க்கத் திரும்பி வர வேண்டும். ஏசியில் எல்லாச் சென்ட்டும் நல்ல பிள்ளைதான், வெயிலில் அதன் குணம் என்ன என்று பார்க்க வேண்டும் என்பார்.

ஆளுக்கொரு நோட்டு. அடித்த பத்தாம் நிமிடம், ஒரு மணி நேரம் கழித்து, நாலு மணி நேரம் கழித்து என்று நாளுக்கு மூன்று தடவை எழுத வேண்டும். அன்றைய வெயிலோ மழையோ அதையும் எழுத வேண்டும். ‘நன்றாக இருக்கிறது’, ‘நன்றாக இல்லை’ என்று எழுதினால் அந்தச் சொல்லைப் பென்சிலால் அடித்துவிடுவார். திட்ட மாட்டார். பென்சிலின் பின்பக்கத்தால் அந்த இடத்தைத் தட்டி, “எங்க? எப்போ?” என்று மட்டும் கேட்பார். எந்த இடத்தில் நன்றாக இருந்தது, எப்போது அப்படி ஆனது என்பது அதற்கு அர்த்தம். முகரும்போது நாங்களெல்லாம் கண்ணை மூடுவோம். அவர் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டே முகர்வார். சென்ட் பகுதியில் ஐம்பது வாசனை ஒன்றாகக் கிடந்து புரளும். அதற்கு நடுவில் ஒரு வாடிக்கையாளர் படியேறி வருவதற்குள் அவர் என்ன போட்டிருக்கிறார் என்று சொல்லிவிடுவார். உண்மையைச் சொன்னால், மூக்கு என்றால் அது ஸ்டெல்லாவின் மூக்கு. எனக்கு அது முதல் வாரமே தெரிந்துவிட்டது. ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

மூன்றாவது வருடம் அந்தக் கறுப்புப் பாட்டில் வந்தது. சாம்பிராணியும் புகையும் மரமும் கலந்த சென்ட். பினாங்கில் யாரும் அப்போது அப்படி ஒன்றை விற்கவில்லை. ஸ்டெல்லா மிஸ் அதைத் தன் கையில் போட்டுக்கொண்டு அன்று முழுக்க அடிக்கடி மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோனார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் தூபம் ஆட்டும்போது சின்ன வயதில் முன்வரிசையில் போய் உட்காருவாராம். அந்த வரிசைச் சென்ட்டுகளையே நம் கடைக்கு எடுக்க வேண்டும், நான் பொறுப்பு என்று மேலாளரிடம் பேசிவிட்டார். மேலாளருக்கு அரை மனது. எங்கள் மூன்று பேரின் நோட்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். அதிலும் மூத்தவள் என்ன எழுதுகிறாள் என்று பார்க்கிறேன் என்று என் பெயரைச் சொன்னாராம்.

முதல் நாள் காலை வீட்டில் அதை அடித்துக்கொண்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. என் கணவரைக் கூடத்தில் கிடத்தியிருந்த நாள் அப்படியே வந்து நின்றது. தணலில் சாம்பிராணியை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கறுப்பான, தொண்டையைப் பிடிக்கிற புகை. வரப்போகிற ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்கு நிச்சயதார்த்தம். நானோ தாலி இழந்தவள். தாம்பூலத் தட்டை யார் கையில் கொடுப்பது, நான் எங்கே நிற்பது என்று ஏற்கெனவே உறவில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இந்த நிலைமையில் சாவு வீட்டு வாசனையைப் பூசிக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் காலடி வைக்கப்போகிற வீட்டுக்குள் நான் எப்படி நடமாடுவேன்? கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். பாட்டிலைத் துணியில் சுற்றி அலமாரியின் அடியில் வைத்துவிட்டேன்.

ஸ்டெல்லா மிஸ்ஸிடம் போய், இப்படி விஷயம், என்னால் முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைவிட இளையவளிடம் போய் இதைச் சொல்வதா என்ற வீம்பு. நாற்காலியை இழந்த எரிச்சலும் உள்ளே கிடந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை. வாரம் முழுக்க வெறும் கையோடு வேலைக்குப் போனேன். சென்ட் பகுதியில் நிற்பவள் மேல் எந்த வாசனை என்று யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று ஒரு தைரியம்.

ஆறாம் நாள் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஏழு நாளையும் ஒரே மூச்சில் எழுதினேன். ஒரே நாளில் எழுதியது தெரியக்கூடாது என்று பேனாவைக்கூட மாற்றிக்கொண்டேன். இரண்டாம் நாள், வாடிக்கையாளர் ஒருவர் முகம் சுளித்தார். மூன்றாம் நாள், தலைவலி. நான்காம் நாள், மழை. ஈரக் காற்றில் புகை இன்னும் கனத்தது. ஏழாம் நாள், நாலு மணி நேரம் கழித்தும் புகையைத் தவிர வேறொன்றும் இல்லை. அன்றைக்கு என் கற்பனையை நானே மெச்சிக்கொண்டேன்.

கிடங்கு அறையில் நின்று ஸ்டெல்லா மிஸ் என் நோட்டைப் படித்தார். மற்ற இரண்டு பெண்களும் பக்கத்தில் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கத்தில் நீண்ட நேரம் நின்றார். பென்சில் தட்டுகிற சத்தம் நின்றுபோனது. பிறகு தலையைத் தூக்கி, “ஏழு நாளும் போட்டீங்களாக்கா?” என்று கேட்டார்.

“போட்டேன் மிஸ்.”

அவர் நோட்டை மூடினார். அதில் ஒரு சொல்லைக்கூடப் பென்சிலால் அடிக்கவில்லை. மூன்று வருடத்தில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மேலாளர் நோட்டுகளைப் படித்துவிட்டு அந்த வரிசையையே வேண்டாம் என்று தள்ளிவிட்டார். மற்ற இரண்டு பேரும் பிடித்தது என்றுதான் எழுதியிருந்தார்கள். மூத்தவள் எழுதியதற்குத்தான் மதிப்பு. ஸ்டெல்லாவின் விருப்பத்துக்குக் கடை நடத்த முடியாது என்று கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார். ஸ்டெல்லா மிஸ்ஸைக் கீழ்த்தளத்துக்கு, கைப்பைப் பகுதிக்கு மாற்றினார்கள். ஆறு மாதம் அங்கே நின்றார். நான் படியில் இறங்கும்போது அவர் நிமிர்ந்து, படியேறுகிறவர்களின் பக்கமாகக் காற்றை இழுத்துப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். பிறகு வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போனார். கேபிள் சோதிக்கிற தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டார் என்று கேள்வி. மேற்பார்வையாளர் நாற்காலி எனக்கு வந்தது. நான் செய்த முதல் காரியம் ஏழு நாள் நோட்டை நிறுத்தியது. பெண்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம்.

அவர் போகிற அன்று, மாதிரிக்குத் தந்த அந்தக் கறுப்புப் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. “நீங்களே வச்சுக்குங்கக்கா. எப்பயாவது மனசு வந்தா ஏழு நாள் போட்டுப் பாருங்க” என்றார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. அதனால்தானோ என்னவோ, அந்தப் பாட்டிலை என்னால் தூக்கி எறியவும் முடியவில்லை, திறக்கவும் முடியவில்லை. மகள் கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, நல்லபடியாக இருக்கிறாள். நான் ஓய்வு பெற்றேன். பாட்டில் அலமாரியின் அடியிலேயே கிடந்தது. பதினாறு வருடம்.

கவிதா அனுப்பிய காணொளியில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டு கையில் பிடித்திருந்தது அதே பாட்டில்தான், மூடி மட்டும் வேறு. மறுநாள் காலை வாசனையில்லாத சவர்க்காரம் வாங்கி வந்தேன். புது நோட்டு ஒன்றும் வாங்கினேன்.

முதல் நாள் எதிர்பார்த்ததுதான் வந்தது. கூடம், தணல், கணவர். ஆனால் இந்தத் தடவை கழுவவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பொறுத்துக்கொண்டேன். நாலு மணி நேரம் கழித்துப் பார்த்தால் புகை போயிருந்தது. மெல்லிசாக ஏதோ ஒன்று மிச்சம் இருந்தது. பெயர் சொல்லத் தெரியவில்லை. இரண்டாம் நாள், புகைக்கும் முன்னால் அரை நிமிடம் எலுமிச்சைத் தோலும் மிளகும் வந்து போனதைப் பிடித்தேன். மூன்றாம் நாள் புதிதாக எதுவும் இல்லை. தலை வலித்தது. பொய் நோட்டில் எழுதிய தலைவலி இத்தனை வருடம் கழித்து நிஜமாகவே வந்து சேர்ந்தது.

நான்காம் நாள் நல்ல வெயில். பாசாருக்கு நடந்து போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு வேர்வையோடு வந்து, பையை இறக்கிவைக்கும்போது மணிக்கட்டு முகத்தருகே வந்தது. அதில் புகை இருந்தது. ஆனால் அது சாவு வீட்டுப் புகை இல்லை. என் மகளின் ஈரத் தலை. எட்டு மாதக் குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டி, அவள் அப்பா இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நிற்பார். நான் கீழே சாம்பிராணித் தட்டைப் பிடித்து, புகையை அவள் முடிக்குள் விசிறிவிடுவேன். கண் எரிகிறது என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார். அத்தனை வருடம் அது எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. மகளுக்காகத்தான் இந்த வாசனையை வீட்டுக்குள் விடாமல் வைத்தேன். அதற்குள் மகள்தான் இருந்திருக்கிறாள், அவரும் உயிரோடு இருந்திருக்கிறார். காய்கறிப் பையைக்கூட எடுத்துவைக்காமல் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

ஏழு நாளும் முடிந்தது. எட்டாம் நாள் கவிதாவிடம் ஸ்டெல்லா மிஸ்ஸின் எண்ணைத் தேடி வாங்கச் சொன்னேன். கூப்பிட்டபோது அவர், “வசந்தாக்காவா, வாங்கக்கா, வியாழக்கிழமை எனக்கு லீவுதான்” என்றார், போன வாரம்தான் பிரிந்தவர் மாதிரி. ஃபெர்ரியில் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து சுங்கை பாக்காப்புக்குப் பஸ் பிடித்தேன். பஸ் ஏறும்போதே மணிக்கட்டில் அடித்துக்கொண்டேன். அவர் முகரும்போது ஒரு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். முதல் புகை அடங்கியிருக்கும். என்ன சொல்ல வேண்டும் என்பதை வழியெல்லாம் மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டே போனேன். முதலில் கையை நீட்டுவது, அப்புறம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது.

ஸ்டெல்லா மிஸ்ஸுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. அதே மெல்லிய ஆள். பசியாறிவிட்டீர்களா என்று கேட்டு, தேத்தண்ணீர் கலக்கிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். நான் கையை நீட்டினேன். என்ன என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பிடித்து, கண்ணைத் திறந்துகொண்டே மூச்சை இழுத்தார். மறுபடியும் இழுத்தார்.

“ஒண்ணும் வரலக்கா” என்றார்.

வாசனை தெரிவதே கோவிட் காய்ச்சலில் போய்விட்டதாம். மற்றவர்களுக்கெல்லாம் மெதுவாகத் திரும்பி வந்தது, எனக்கு வரவில்லை என்றார். பால் கெட்டுவிட்டதா என்று பக்கத்து வீட்டில் கொண்டுபோய்க் காட்டிக் கேட்பாராம். இதைச் சொல்லும்போது லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார். எனக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. அந்த மூக்கு இருந்தபோது அதற்கு வேலை இல்லாமல் செய்தவள் நான். இப்போது வாசனையோடு வந்து நிற்கிறேன், அது இல்லை.

கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவர் விடவில்லை.

“ஏழு நாளும் போட்டீங்களா?”

“போட்டேன் மிஸ்.”

“அப்பன்னா சொல்லுங்க. மொத நாள்லேருந்து சொல்லுங்க.”

சொன்னேன். கூடத்தையும் தணலையும் சொன்னேன். மகளின் நிச்சயதார்த்தத்தைச் சொன்னேன். அன்று ஏன் கையைக் கழுவினேன் என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டேன். இரண்டாம் நாள் எலுமிச்சையும் மிளகும் நன்றாக இருந்தது என்றபோது மட்டும் சுட்டுவிரலைத் தூக்கி, “எங்க?” என்றார். எந்த இடம், எத்தனை விநாடி என்று திருத்திச் சொன்னேன். மூன்றாம் நாள் தலைவலியைச் சொன்னேன். நான்காம் நாள் என்று ஆரம்பித்தேன்.

“அன்னைக்கு மழை பெஞ்சுச்சாக்கா?” என்று கேட்டார்.

கிடங்கு அறையில் கேட்ட அதே குரல். அவர் எந்தப் பக்கத்தில் அவ்வளவு நேரம் நின்றார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

“இல்ல மிஸ். வெயிலு.”

“அந்த வாரமும் வெயில்தான். நாந்தானே உங்கள எல்லாம் டெய்லி வெளிய நடக்க விட்டேன். உங்க மேல அந்த வாசனை ஒருநாளும் வரல.”

அப்படியானால் ஏன் கேட்கவில்லை, ஏன் மேலாளரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“எப்படிக்கா? அந்தப் புள்ளைங்க முன்னாடி உங்கள அக்கான்னு கூப்பிட்டுட்டு, பொய்யின்னு எப்படிச் சொல்றது?” என்றார். பிறகு, “மகளுக்கு நிச்சயம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே போடாதீங்கன்னு சொல்லியிருப்பேன்” என்றார்.

மன்னித்துவிடுங்கள் என்றேன். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. தேத்தண்ணீர் இரண்டு கோப்பையிலும் ஆறிப்போயிருந்தது. வெளியே யாரோ மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். அவர் மறுபடியும் என் மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோய், ஒன்றும் வராது என்று தெரிந்தும் மூச்சை இழுத்தார்.

“நாலாம் நாள் இன்னும் முடியல, முடிங்க. அப்புறம் அஞ்சாம் நாள்” என்றார்.

வெயிலையும் பாசார் பையையும் என் மகளின் ஈரத் தலையையும் சொல்லி முடித்தேன். பிறகு ஐந்தாம் நாள், நாலு மணி நேரம் கழித்து, உள்ளங்கைப் பக்கமாக, வெட்டிவேர் என்று ஆரம்பித்தேன். அவர் கண்ணைத் திறந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.